பழுப்பாய்ப் பிறந்த லாரிகள்

1942-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் படையின் லாரிகள் பழுப்பு நிறத்துக்கு மாறத் தொடங்கின. வயலும் வேலியும் தோப்புமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகக் கிடக்கும் இங்கிலாந்தில், எதிரி விமானத்தின் கண்ணில் படாமல் நிற்க வேண்டிய வண்டிக்குப் பழுப்பு அடிப்பானேன்? காரணம் போர்க்களத்தில் இல்லை, பெயின்ட் டப்பாவுக்குள் இருந்தது. வெயிலிலும் மழையிலும் வெளுக்காத பச்சையைத் தருவது குரோமியம் ஆக்சைடு என்ற நிறமி. போரின் மூன்றாவது ஆண்டில் அதற்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. பழுப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு வேண்டியது இரும்பு ஆக்சைடு. காவி மண்ணுக்கு நிறம் கொடுப்பதும் அதுதான், மலிவாகக் கிடைக்கும். ஆகவே படை வண்டிகளின் அடிப்படை நிறம் இனி எஸ்.சி.சி. 2 என்ற கரும்பழுப்பு என்று ஆணை பிறந்தது.

அந்த ஆணை அட்லாண்டிக் கடலைத் தாண்டி, கனடாவில் உருவான லாரிகளையும் எட்டியது. எண்பது ஆண்டு கழித்து அவற்றில் ஒன்றைப் பண்ணைக் கொட்டகையிலிருந்து இழுத்துவந்து, எஞ்சினை ஓடவைத்து, தகரத்தைத் தட்டிச் சீராக்கி முடித்தவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் பெயின்ட் கடை. அங்கே பெரும்பாலும் மனம் முன்பே முடிவு கட்டியிருக்கும்: இராணுவம் என்றால் பச்சை. இப்படித்தான் பழுப்பாய்ப் பிறந்த எத்தனையோ லாரிகள் இன்று அணிவகுப்புகளில் பச்சையாகப் போகின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். எஞ்சினின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அசல் தேடி அலைந்த ஒருவர், ஊரே பார்க்கும் நிறத்தை மட்டும் பழக்கத்துக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறாரே என்ற வருத்தம்.

இந்த லாரிகளுக்குக் 'கனடிய இராணுவ மாதிரி' என்று பெயர். சி.எம்.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். 1937-இல் கனடாவின் தேசியப் பாதுகாப்புத் துறை ஃபோர்டு கனடாவையும் ஜெனரல் மோட்டார்ஸ் கனடாவையும் அழைத்து, முக்கால் டன் சுமை ஏற்றும் லாரிக்கு ஆளுக்கொரு மாதிரி செய்துதரச் சொன்னது. மறு ஆண்டு பெட்டவாவா இராணுவ முகாமில் சோதனை நடந்தது. போர் வந்ததும் ஒன்டாரியோ மாகாணத்தின் வின்ட்ஸரில் ஃபோர்டும், ஓஷாவாவில் செவ்ரோலேவும் உற்பத்தியில் இறங்கின. 1940-இல் டன்கிர்க்கிலிருந்து பின்வாங்கிய பிரிட்டிஷ் படை சுமார் 64,000 வண்டிகளைப் பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்தது. அந்த இழப்பை ஈடுகட்டும் சுமையில் பெரும்பங்கு கனடாவின் தலையில் விழுந்தது. போர் முடிவதற்குள் கனடா எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகளைச் செய்து அனுப்பியது. அதில் ஏறக்குறையப் பாதி சி.எம்.பி.

மூக்கு சப்பையாக, கேபின் எஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்ததுபோல் இருக்கும் வண்டி அது. பின்னாளில் வந்த 13-ஆம் எண் கேபினில் முன்கண்ணாடி மேல்புறம் வெளியே நீட்டியும் கீழ்ப்புறம் உள்ளே வாங்கியும் சாய்ந்திருக்கும். கண்ணாடியில் பட்ட வெயில் வானத்துக்குத் திரும்பாமல் தரைக்குப் போகவேண்டும், பளிச்சென்ற அந்த மின்னல் விமானிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஒளிந்துகொள்ளும் அக்கறை தகரத்திலேயே வார்க்கப்பட்டிருந்தது. பெயின்ட் அந்த அக்கறையின் மறுபாதி.

பிறந்த புதிதில் இந்த லாரிகளின் நிறம் காக்கிப் பச்சை எண் 3. போருக்கு முன்பு பிரிட்டிஷ் படை வண்டிகள் ஆழ்ந்த வெண்கலப் பச்சையில் பளபளவென்று நின்றன. அணிவகுப்புக்கு அது அழகுதான். ஆனால் குண்டுவீச்சு விமானம் தலைக்குமேல் பறக்கத் தொடங்கியபின் மினுமினுப்பு உயிருக்கு உலை. 1939-இல் பளபளப்பே இல்லாத காக்கிப் பச்சை வந்தது. காய்ந்துகொண்டிருக்கும் புல்லுக்கும் ஈர மண்ணுக்கும் நடுவில் உள்ள ஒரு மங்கல் நிறம். அதன்மேல் கரும்பச்சையிலோ, டார்மாக் என்ற தார்ச்சாலைக் கருமையிலோ அகலமான பட்டைகள் ஓடும். கனடியத் தொழிற்சாலைகள் பிரிட்டிஷ் வண்ண விதிகளையே பின்பற்றின. கனடியப் படை பிரிட்டிஷ் படையோடு தோளோடு தோள் நின்று போரிடவேண்டியிருந்தது; 1939 டிசம்பரிலேயே அதன் முதல் டிவிஷன் பிரிட்டனில் போய் இறங்கிவிட்டது. கனடிய லாரி என்றதும் பக்கத்து நாடான அமெரிக்காவின் ஆலிவ் டிராப் என்ற மங்கிய பச்சையை எடுத்து அடிப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். லாரியின் எஞ்சின் டெட்ராய்ட் குடும்பத்தைச் சேர்ந்தது, உண்மை. அதன் நிறமோ லண்டனில் தீர்மானமானது.

பாலைவனத்துக்குப் போன வண்டிகளின் கதை தனி. எகிப்திலும் லிபியாவிலும் 1940, 1941-இல் கான்டர் என்ற பிரிகேடியரின் பெயரால் அறியப்பட்ட வண்ணத் திட்டம் ஒன்று இருந்தது. வெளிர்கல் நிறம், வெள்ளிச் சாம்பல், சிலேட் சாம்பல் என்று மூன்று நிறங்கள் நேர்கோடுகளில் வெட்டிக்கொண்டு போகும். இதில் வெள்ளிச் சாம்பல் என்பது பச்சை கலந்த சாம்பல். பிற்காலத்தில் யாரோ அதை வெளிர்நீலம் என்று புரிந்துகொண்டார்கள். அந்த நீலம் புத்தகங்களில் ஏறியது, பொம்மை டாங்கிகளின் அட்டைப்பெட்டிகளில் ஏறியது, கடைசியில் அருங்காட்சியகத்தில் நின்ற நிஜ வண்டியின்மேலேயே ஏறிவிட்டது. அதைப் பார்த்தவர்கள் படம் எடுத்து, அதையே சான்றாக வைத்து மேலும் வண்டிகளுக்கு நீலம் அடித்தார்கள். பழைய வண்ண அட்டைகளைத் தேடி எடுத்து, நிஜ வண்டியின் அடித்தோலோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் வந்த பிறகுதான் அந்த நீலம் இறங்கத் தொடங்கியது. நகலைப் பார்த்து நகல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்தத் துறையில் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சீர்செய்த லாரியைப் பார்த்து நம் லாரிக்கு நிறம் தேர்ந்தெடுப்பதும் இதே வழிதான்.

பழுப்புக்குத் திரும்புவோம். எஸ்.சி.சி. 2 தனியாக வரவில்லை. அதன்மேல் இன்னும் கருத்த பழுப்போ, நீலம் தோய்ந்த கறுப்போ உருண்டை உருண்டையாக ஏறியது. கேபின் கூரையும் தார்ப்பாயின் மேற்பகுதியும் முழுக்க அந்தக் கருநிறமே. அங்கிருந்து வட்ட விளிம்புகள் பக்கவாட்டில் இறங்கும். அந்த வட்டங்கள் மிக்கி மவுஸின் காதுகளை நினைவூட்டியதால் அந்தப் பெயரே நின்றுவிட்டது. வேடிக்கையான பெயர் என்றாலும் வடிவத்துக்குப் பின்னால் கெட்டியான அறிவு இருக்கிறது. எந்தப் பொருளுக்கும் மேல்பக்கம் வெளிச்சம் வாங்கி வெளிர்ந்து தெரியும், அடிப்பக்கம் நிழலில் கறுக்கும். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் கண் அதைத் திரண்ட பொருளாக அடையாளம் காண்கிறது. மேலே கறுப்படித்தால் வேறுபாடு அழிந்து வண்டி தட்டையாகத் தெரியும். மானின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதன் பொருள் இதுவே என்று அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதிவிட்டார். அந்தச் சிந்தனையை விரித்து 1940-இல் பெரிய நூல் ஒன்றை வெளியிட்ட விலங்கியலாளர் ஹ்யூ காட், போரில் எகிப்தில் படைக்கு மறைவண்ணக் கலை கற்பித்தார். தவளையையும் அந்துப்பூச்சியையும் பார்த்துக் கற்ற பாடம் மூன்று டன் லாரியின் கூரைக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பிறப்பை அறிந்தவர் அந்தக் கறுப்பு வட்டங்களை அலங்காரமாக நினைத்து இடம் மாற்றிப் போடமாட்டார்.

பழுப்பின் ஆட்சி இரண்டு ஆண்டு. 1944 ஏப்ரலில் மறுபடி ஆணை மாறியது. இனி அடிப்படை நிறம் எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் டிராப். இந்த முறை காரணம் நிறமி அல்ல, உழைப்பு. அமெரிக்காவிலிருந்து வண்டிகள் கடலெனக் குவிந்துகொண்டிருந்தன. அவை எல்லாம் அமெரிக்க ஆலிவ் டிராபில் வந்தன. வந்த ஒவ்வொன்றையும் பழுப்பாக மாற்ற ஆளும் பெயின்ட்டும் நாளும் செலவழிப்பதைவிட, தன் நிறத்தை அதற்கு நெருக்கமாகக் கொண்டுபோவது மேல் என்று பிரிட்டிஷ் படை முடிவு செய்தது. நெருக்கம்தான், ஆனால் அதுவே அல்ல. அமெரிக்க ஆலிவ் டிராப் அடிப்படையில் மஞ்சள் காவியும் கரியும் சேர்ந்த கலவை. அதில் மண்வாடை அதிகம். எஸ்.சி.சி. 15 கூடுதலாகப் பச்சைப் பக்கம் சாயும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியும்.

புது நிறம் அறிவித்ததற்காக ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை எல்லாம் உடனே மாற்றி அடிக்கவேண்டாம், இருக்கும் பெயின்ட் தீரட்டும் என்பதே அன்றைய முறை. ஏப்ரலில் ஆணை, ஜூன் 6-இல் நார்மண்டித் தரையிறக்கம். ஜூனோ கடற்கரையில் இறங்கிய கனடியர்களின் வண்டிகளில் பழுப்பும் இருந்தது, ஆலிவும் இருந்தது. 'டி-டே லாரிக்கு என்ன நிறம்?' என்று கேட்டால் ஒரே பதில் சொல்லமுடியாததன் காரணம் இதுதான். எந்தத் தொழிற்சாலை, எந்த மாதம், எந்தப் படைப்பிரிவு, கடைசியாக எப்போது பெயின்ட் அடித்தது என்று கேட்டுக்கொண்டே போகவேண்டும். இத்தாலியில் போரிட்ட கனடியர்களின் வண்டிகளில் மத்திய கிழக்கு ஆணைகளின்படி வெளிர்சேற்று நிறமும் அதன்மேல் கருந்திட்டுகளும் இருந்தன. அந்த நிறத்தில் ஒரு லாரி, கனடாவின் பனியில் நின்றால் அந்நியமாகத்தான் தெரியும். தெரியட்டும். சிசிலியின் சுண்ணாம்புப் புழுதிக்காகக் கலந்த நிறம் அது.

இன்னொரு சிக்கல், பல லாரிகள் கனடாவில் முழுசாகப் பிறக்கவே இல்லை. கப்பலில் இடம் மிச்சமாக வேண்டும் என்று பாகம் பாகமாகப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். எகிப்திலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் அவற்றைப் பூட்டினார்கள். பிரிட்டன் நீங்கலாக அன்றைய பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் ஃபோர்டு வண்டிகளை விற்கும் உரிமை ஃபோர்டு கனடாவிடம் இருந்தது. இந்தியாவின் ஃபோர்டு நிறுவனமும் மலாயாவின் ஃபோர்டு நிறுவனமும் அதன் கிளைகள்.   இந்தியாவில் கனடிய ஃபோர்டு சேஸிஸின்மேல் டாடாவின் இரும்புக் கவசத்தைப் பூட்டி 'இந்திய மாதிரி' கவச வண்டிகள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். அவற்றில் நம் வீரர்களும் போரிட்டார்கள். வேறு ஊரில் பூட்டிய வண்டி அந்த ஊர்க் களத்துக்கான நிறத்தை வாங்கிக்கொண்டது. ஆகவே அதன் பிறந்த நிறத்தைத் தேடுகிறவர் ஓஷாவாவோடு நிற்கமுடியாது.

போருக்குப் பின் இந்த லாரிகள் எங்கெங்கோ சிதறின. நார்வே, நெதர்லாந்து படைகள் எடுத்துக்கொண்டன. ஆஸ்திரேலியாவில் 'பிளிட்ஸ்' என்ற செல்லப்பெயரோடு பண்ணைகளில் உழைத்தன. பர்மாவில் செவ்ரோலே லாரிகளின்மேல் மரப்பாடி கட்டிப் பஸ்ஸாக்கினார்கள். அவை இந்த நூற்றாண்டிலும் ரங்கூன் தெருக்களில் ஓடின. ஒவ்வொரு முதலாளியும் தன் பங்குக்கு ஒரு கோட்டிங் அடித்தார். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வீட்டுச் சுவரைச் சுரண்டினால் பழைய ஆண்டுகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்குமே, அந்த மாதிரி இந்த லாரியின் தகரத்தில் அதன் வாழ்க்கை முழுவதும் அடுக்கியிருக்கிறது.

அந்த அடுக்கைப் படிப்பதுதான் இந்த வேலையின் உயிர். என்னைக் கேட்டால், லாரியைப் பிரிக்கும் முதல் நாளே இதைச் செய்துவிடவேண்டும். மணல் பீய்ச்சித் தகரத்தை வெள்ளையாக்கிவிட்டு, பிறகு 'அசல் நிறம் என்ன?' என்று கேட்பது சாட்சியை அனுப்பிவிட்டு விசாரணை தொடங்குவதாகும். வெயிலும் தேய்மானமும் படாத இடங்களைத் தேடவேண்டும். டேஷ்போர்டில் ஆணியடித்த தகவல் தகட்டின் பின்புறம், சீட்டுக்கு அடியில், கருவிப்பெட்டியின் உள்ளே, பிராக்கெட்டும் சேஸிஸும் ஒட்டி நின்ற இடம், கிரீஸும் சேறும் கெட்டியாகிக் காத்துவைத்த மூலை. அப்படி ஓர் இடத்தில் நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, காசு அகலத்துக்கு, வட்டமாக, பொறுமையாகத் தேய்க்கவேண்டும். நடுவில் தகரம் தெரியும்வரை இறங்கி, விளிம்பை மெல்லச் சரிவாக்கினால் அடுக்குகள் வளையம் வளையமாகத் தெரியும். தகரத்தை ஒட்டியது பிரைமர். அடுத்தது தொழிற்சாலை அடித்த முதல் நிறம். அதற்கு மேலே படைப்பட்டறை அடித்தது, அதற்கு மேலே வேறொரு நாட்டின் படை, பிறகு பண்ணைக்காரர் கைக்குக் கிடைத்த பெயின்ட். உலர்ந்து தேய்க்கக்கூடாது, அந்தக் காலத்துப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், தூள் நுரையீரலுக்குப் போகும். முகக்கவசமும் ஈரமும் கட்டாயம்.

கிடைத்த வளையத்தையும் அப்படியே நம்பிவிடமுடியாது. பழைய எண்ணெய் பெயின்ட் இருட்டில் கிடந்தால் மஞ்சளிக்கும், வெயிலில் கிடந்தால் சுண்ணாம்புப் பொடிபோல் வெளுக்கும். மேல்தோலை மிக நுண்ணிய தாளால் ஒருமுறை நீவி, ஒரு சொட்டுத் தெளிந்த எண்ணெய் தடவினால் பொடிப்படலம் அடங்கி உள்நிறம் எழும். அதைப் பகல் வெளிச்சத்தில், மேகம் மூடிய வானத்தின்கீழ் பார்க்கவேண்டும். டியூப்லைட்டில் அச்சாகப் பொருந்தும் இரண்டு நிறம் வெயிலுக்கு வந்ததும் பிரிந்துபோகும். அன்று குரோமியம் ஆக்சைடாலும் காவியாலும் கலந்த நிறத்தை இன்று வேறு நிறமிகளால் கலக்கிறோம். ஒரு விளக்கில் ஒத்துப்போவது இன்னொரு விளக்கில் ஒத்துப்போகாது. பெயின்ட் கடையின் நிறமானிக் கருவி நல்ல துணைதான். ஆனால் அது கொடுத்த துண்டை அளக்கிறது. வெளுத்த துண்டைக் கொடுத்தால் வெளுத்த நிறத்தையே துல்லியமாகக் கலந்துதரும். பிரிட்டிஷ் தர நிறுவனத்தின் போர்க்கால வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கலக்கச் சொல்லவேண்டும். அட்டையும் வளையமும் ஒன்றை ஒன்று சரிபார்க்கட்டும். இரண்டும் முரண்பட்டால், நான் அந்த லாரியின் பக்கமே நிற்பேன். தொழிற்சாலைக்குப் பெயின்ட் கொடுத்தவர்கள் பலர். டப்பாவுக்கு டப்பா சற்று மாறியிருக்கும். அந்த மாற்றமும் அதன் பிறப்பில் சேர்ந்ததுதான்.

பளபளப்பு அடுத்த பொறி. சரியான நிறத்தை மினுங்கும் பெயின்ட்டில் கலந்தால் கருத்துத் தெரியும், மங்கலில் வெளிறித் தெரியும். இன்று பலர் துடைக்க எளிது என்று அரைமினுக்கம் கேட்டு வாங்குகிறார்கள். மங்கல் பெயின்ட் விரலின் எண்ணெயைக் கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனாலும் மினுக்கம் அந்த வண்டியின் பிறப்புக் காரணத்தையே மறுக்கிறது. கையளவு தகரத்தில் அடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கவும் கூடாது. மட்கார்டு முழுவதும் அடித்து, வாசலில் நிறுத்தி, காலையும் மதியமும் மாலையும் பார்க்கவேண்டும். சிறு அட்டையில் இருண்ட நிறம் பெரிய பரப்பில் ஒரு படி வெளிறிக் காட்டும்.

எழுத்தும் சின்னங்களும் அடிப்படை நிறத்தோடு சேர்ந்தே காலம் சொல்பவை. வண்டி எண்ணின் முன்னால் வரும் எழுத்துகளில் 'சி' என்றால் கனடா. அடுத்து லாரிக்கு 'எல்', சிறு டிரக்குக்கு 'இசட்'. கனடியப் படையின் முதல் டிவிஷனின் சின்னம் சிவப்பு, இரண்டாவது நீலம், மூன்றாவது சாம்பல்நீலம், நான்காவது பச்சை, ஐந்தாவது அரக்கு. சில வண்டிகளின் போனட்டின்மேல் பச்சைமஞ்சளாக ஒரு திட்டு இருக்கும். விஷவாயுத் துளி பட்டால் நிறம் மாறி ஓட்டுநரை எச்சரிக்கும் பெயின்ட் அது. 1941-இன் காக்கிப் பச்சையின்மேல் நேசநாட்டுப் படைகளின் அடையாளமான 1944-இன் வெள்ளை நட்சத்திரத்தைப் போட்டுவிட்டால் இரண்டு ஆண்டுகளும் பொய்யாகிவிடும்.

பெயின்ட்டே அடிக்காமல் விடுவதும் ஒரு தேர்வு. பிரிட்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில், பிரிட்டிஷ் படையின் நீண்டதூரப் பாலைவனக் குழு ஓட்டிய கனடிய செவ்ரோலே லாரி ஒன்று இருக்கிறது. 1980-களில் லிபியப் பாலைவனத்திலிருந்து மீட்டது. மணற்காற்று அதன் பெயின்ட்டை உரித்துத் துருவை வெளியே கொண்டுவந்திருக்கிறது. அருங்காட்சியகம் அதை அப்படியே வைத்துவிட்டது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் ஓடும் வண்டிக்கு, மழையில் நிற்கும் வண்டிக்கு அது ஆகாது, தகரம் கரைந்துபோகும். அதற்கு நிறம் வேண்டும், அந்த நிறம் ஒரு தேதிக்கு உரியதாக இருக்கவேண்டும். ஓஷாவாவின் வாசலைத் தாண்டிய நாளா, ஜூனோவில் இறங்கிய நாளா, 1945 வசந்தத்தில் நெதர்லாந்து ஊருக்குள் நுழைந்த நாளா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால் மற்றவை தாமாக வரிசையில் வரும்.

புது நிறம் ஏறும் முன், சீட்டுக்கு அடியில் உள்ளங்கை அளவுக்குப் பழைய தோலைத் தொடாமல் விடுங்கள். டேப் ஒட்டி மறைத்துவிட்டு மற்ற இடத்தில் ஸ்பிரே செய்யுங்கள். தேய்த்துக் கண்ட வளையத்தையும் நிறமற்ற வார்னிஷ் ஒரு கோட் கொடுத்துக் காப்பாற்றுங்கள். கலந்த பெயின்ட்டின் விவரத்தையும், எந்த இடத்தில் எந்த அடுக்கைக் கண்டீர்கள் என்பதையும் எழுதி வண்டியின் காகிதங்களோடு வையுங்கள். நீங்கள் பழுப்பு என்று முடிவு செய்ததை அடுத்த தலைமுறையில் ஒருவர் சரிபார்க்க விரும்பினால், உங்கள் பெயின்ட்டைச் சுரண்டாமலே அவருக்கு அசல் கிடைக்கும்.